அன்னா சாண்டியும் எங்கள் வீட்டுப் பட்டிமன்றமும்

இந்தப் பதிவு ஒரு வக்கீலம்மாவைப் பற்றியது. பெயர் அன்னா சாண்டி. இந்தியாவின் முதல் பெண் நீதிபதி யார், ஹைகோர்ட்டுக்குப் போன முதல் பெண் நீதிபதி யார் என்று கேட்டால் கேரளத்தில் பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற பெயர். நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. தம்பானூருக்கு மாற்றலாகி வரும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை.

தம்பானூர் என்றால் நம்மவர்களுக்கு மூன்று அடையாளம். ரயில்வே ஸ்டேஷன், எதிரே பஸ் ஸ்டாண்ட், பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய சுருள் சுருளான இந்தியன் காபி ஹவுஸ். நாலாவது, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். பத்மநாப சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள், ஆர்.சி.சி.க்கும் ஸ்ரீசித்ராவுக்கும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், நாகர்கோவில் பஸ்ஸைத் தேடுகிறவர்கள் என்று எந்நேரமும் தமிழ் காதில் விழும். அதனால் ஊரை விட்டு வந்த மாதிரியே முதல் ஆறு மாதம் தெரியாது. பிறகுதான் தெரியும் :-)

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. எனக்கு ஊர் ஆரணி. பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, கிளார்க்காகச் சேர்ந்து, ஆபீசராகி, அதற்கடுத்த ப்ரமோஷன் வந்தபோது கூடவே கேரளாவும் வந்தது. ரங்கமணி ஆரணிப் பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியார். அவரை இங்கே கொண்டுவர வழியில்லை. பெண் என்னோடு இங்கே பிளஸ் டூ படிக்கிறாள். பையன் அப்பாவோடும் பாட்டியோடும் அங்கே ஏழாவது. மாதம் ஒருமுறை நான் தம்பானூரில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்குவேன். லீவு விட்டால் அவர்கள் காட்பாடியில் ஏறி தம்பானூரில் இறங்குவார்கள். குடும்ப வாழ்க்கையை ரயில்வே டைம் டேபிள் பார்த்து நடத்துகிற வீடுகள் இதைப் படிக்கிறவர்களில் நிறைய இருக்கும், உங்களுக்கு விளக்க வேண்டாம்.

கடன் வசூல் வழக்குகளுக்காக எனக்கு அவ்வப்போது வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போகிற ஆணி உண்டு. எங்கள் வழக்குகளைப் பார்க்கிற வக்கீலம்மா அறுபதைத் தாண்டியவர். கேஸ் கூப்பிடக் காத்திருக்கும் நேரத்தில்தான் அன்னா சாண்டியின் கதையை முதலில் சொன்னார். "மேடம் தனியா வந்திருக்கீங்க இல்லே, அப்போ அவங்களை நீங்க படிக்கணும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில். எனக்கு மலையாளம் பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான். ஜெ. தேவிகா என்ற வரலாற்று ஆய்வாளர், பழைய மலையாளிப் பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் 2005ல் கொண்டுவந்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் இந்த அம்மாவின் பேச்சும் இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்னா சாண்டி பிறந்தது 1905 மே மாதம், திருவிதாங்கூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில். கணவர் பி.சி. சாண்டி போலீஸ் அதிகாரி. 1926ல் சட்டம் படித்து முடித்தார். அந்த ராஜ்ஜியத்தில் சட்டப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அந்த வருஷத்தின் அருமை புரிய வேண்டுமென்றால் இதையும் சேர்த்துப் பாருங்கள். 1916ல் ரெஜினா குஹா என்ற பெண் வக்கீலாகப் பதிய வந்தபோது கல்கத்தா ஹைகோர்ட் முடியாது என்று சொல்லிவிட்டது. 1921ல் சுதாங்சுபாலா ஹஸ்ராவுக்கு பாட்னா ஹைகோர்ட்டும் அதே பதிலைத்தான் சொன்னது. சட்டத்தில் 'நபர்' என்று இருந்த சொல்லில் பெண் அடங்க மாட்டாளாம்! பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் இந்தியாவில் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது, 1923ல். அதற்கு மூன்று வருஷம் கழித்து இங்கே ஒரு பெண் பட்டத்தோடு வெளியே வருகிறார். 1929ல் தொழிலில் இறங்குகிறார். எடுத்துக்கொண்டது குடும்ப வழக்குகளை அல்ல, கிரிமினல் சட்டத்தை.

இப்போது எங்கள் வீட்டுப் பட்டிமன்றத்துக்கு வருகிறேன்.

போன அரையாண்டு லீவுக்கு ரங்கமணி, பையன், அத்தை, கூடவே ரங்கமணியின் அண்ணனும் அக்காவும் (ஓரகத்தியை எங்கள் பக்கம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்) பத்மநாப சுவாமி தரிசனத்துக்கு வந்திருந்தார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தபோது பெரியவர் ஆரம்பித்தார். நல்ல மனுஷர். எங்கள் கல்யாணத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டதிலிருந்து எல்லாம் அவர்தான். அதனால்தான் அவர் கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது.

"அவனுக்கு கவர்மெண்ட் சம்பளம் வருது. நீ எதுக்கும்மா இந்த ப்ரமோஷன வாங்கிக்கிட்டு இங்க வந்து தனியா கெடக்குற? வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊர்லயே இருந்திருக்கலாம்ல? புள்ள அங்க ஒண்டியா நிக்குது."

இது முதல் கேள்வி. அது முடிவதற்குள், பெண் லா படிக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாள். அவ்வளவுதான்.

"பொம்பளப் புள்ள வக்கீலுக்குப் படிச்சா வாய் ஜாஸ்தின்னு நெனைப்பாங்க. மாப்ள வூட்டுக்காரன் வாசப்படி ஏற மாட்டான். பி.காம். படி, உங்கம்மா மாதிரி பேங்குக்கு எழுது."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எந்த பேங்க் வேலைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேனோ, அதே பேங்க் வேலை இப்போது பெண்ணுக்குச் சிபாரிசு! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பெண்ணுக்கு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது இது விளையாட்டுப் பேச்சில் முடிகிற விஷயம் இல்லை என்று தெரிந்தது.

பெரியவரின் முதல் கேள்வி புதிதே இல்லை. 1920களின் கடைசியில் இதே திருவனந்தபுரத்தில், கையில் பேப்பரோடு, பெரிய மனிதர்கள் மேடையில் வைத்து வாதாடிய கேள்விதான். பெண்களுக்கு அரசாங்க வேலை கொடுக்கலாமா கூடாதா என்று அப்போது சூடான விவாதம். கூடாது என்ற தரப்பில் பேசியவர் டி.கே. வேலுப்பிள்ளை, பின்னாளில் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலை எழுதியவர். சாதாரண ஆள் இல்லை. வீடு கெட்டுப்போகும், கல்யாண வாழ்க்கை கெட்டுப்போகும் என்கிற ரகத்தில்தான் அந்தத் தரப்பின் வாதங்கள்.

அதற்குப் பதில் சொல்ல எழுந்தவர் 24 வயதுகூட நிறையாத அல்லது அப்போதுதான் நிறைந்த அன்னா சாண்டி. படித்துப் பார்த்தால், அந்தப் பேச்சில் அழுகையோ கெஞ்சலோ கிடையாது. எதிர்த்தரப்பு வாதத்தை ஒரு கோர்ட் மனு மாதிரி எடுத்து வைத்துக்கொள்கிறார். மனுதாரர் இன்னின்ன காரணம் சொல்கிறார், கேட்கிற நிவாரணம் என்ன என்று பார்ப்போம் என்கிற தோரணை. அலங்காரத்தை எல்லாம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கோரிக்கை, ஆணின் வீட்டு சுகத்துக்காகவே பெண் படைக்கப்பட்டாள், ஆகவே அவள் சம்பாதிக்கக் கூடாது என்பதுதான் என்று நக்கலாக எடுத்து வைக்கிறார். அதோடு விடவில்லை. அரசு வேலையில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்ற பேச்சையும் எடுத்தவர் அவர். அப்போதைய ஊர் எப்படி முழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் செய்துகொண்டே 'ஸ்ரீமதி' என்ற பத்திரிகையையும் தொடங்கி, தானே ஆசிரியராக இருந்து நடத்தினார். கோர்ட்டில் ஒரு நாள் வாதாடினால் ஒரு கட்சிக்காரருக்கு நியாயம் கிடைக்கும். பத்திரிகையில் எழுதினால் சமையல்கட்டு வரை போகும் என்று நினைத்திருப்பார் போல.

1931ல் ஸ்ரீமூலம் சபைத் தேர்தலில் நின்றார். இந்தச் சபை 1904ல் முதலில் கூடியது பாளையத்தில் இருக்கிற விஜேடி ஹாலில். தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடலாம். அய்யன்காளி அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தார், அதனால் 2019ல் ஹாலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தத் தேர்தலில் அன்னா சாண்டிக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? போட்டியாளர்களும் சில பத்திரிகைகளும் அவர் கொள்கையை விட்டுவிட்டு அவர் ஒழுக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அசிங்கமான பிரசாரம். தோற்றார். இன்று ஒரு பெண் பொதுவில் அபிப்பிராயம் சொன்னால் போனில் என்னென்ன வந்து விழுகிறதோ, அதையே அன்று அச்சடித்தும் சுவரிலும் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அம்மணி வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. மறுபடி நின்றார், 1932லிருந்து 1934 வரை உறுப்பினராக இருந்தார். நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மெட்ராஸ் சட்டசபைக்குப் போய் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது.

இனி வருகிற விஷயம்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது.

அன்றைய திருவிதாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனையிலிருந்து விலக்கு இருந்தது. பெண்களுக்காக வாதாடுகிற வக்கீல் இதை என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'நல்லது' என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர் 1930களில் இதை எதிர்த்து எழுதினார். சட்டத்தின் முன் சமம் என்றால் தண்டனையிலும் சமம் என்பது அவர் கட்சி. எனக்குத் தூக்குத் தண்டனையே பிடிக்காது, யாருக்கும் வேண்டாம் என்பது என் எண்ணம். அதனால் முடிவில் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் காரணம் புரிகிறது. பெண் பாவம், விவரம் தெரியாதவள் என்று சொல்லி அவளைத் தண்டனையிலிருந்து விடுவிக்கிற அதே வாய்தான், விவரம் தெரியாதவள் என்று சொல்லி அவளுக்கு ஓட்டும் வேலையும் சொத்தும் இல்லை என்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு பற்றுப் பக்கத்தைக் காலியாக விட்டால் கணக்கு டேலி ஆகாது என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே!

இதை ஏன் பல நாள் யோசித்தேன் என்றால், எங்கள் வேலையிலும் இதே முடிச்சு இருக்கிறது. 2014ல் மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை, பொதுத்துறை வங்கிகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. கல்யாணமான பெண் ஊழியர்களைக் கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ, கல்யாணமாகாதவர்களைப் பெற்றோர் இருக்கும் ஊர்ப் பக்கமோ முடிந்தவரை போடுங்கள் என்று. கைக்குழந்தையோடு இருக்கிறவர்களுக்கும், படுத்த படுக்கையான பெற்றோர் உள்ளவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே சலுகை ப்ரமோஷன் இன்டர்வியூ அறைக்குள் வேறு வேஷத்தில் வந்து உட்காரும். "வெளி மாநிலம் போட்டால் போவீங்களா? வீட்டில் பெர்மிஷன் கொடுப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு முன்னால் போய்விட்டு வந்த ஆண் ஆபீசர்கள் யாரிடமும் அவர்கள் மனைவி பெர்மிஷன் கொடுப்பாரா என்று கேட்கவில்லை, விசாரித்துவிட்டேன். "எங்க வீட்டுல பெர்மிஷன் கேக்குற பழக்கம் இல்ல சார், பேசி முடிவு பண்ற பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ப்ரமோஷன் வந்தது. தம்பானூரும் வந்தது.

வலிக்கவில்லையா என்றால் வலிக்கிறது. பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டதை வீடியோ காலில்தான் பார்த்தேன். அன்று ராத்திரி தம்பானூர் ஸ்டேஷன் அறிவிப்புகள் வீடு வரை கேட்டுக்கொண்டே இருந்தன. தூங்கவில்லை. அதே ஊரில் எத்தனை அப்பாக்கள் இதே மாதிரி தூங்காமல் இருந்தார்களோ, அவர்களை யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தோன்றியது.

அன்னா சாண்டியின் கதைக்குத் திரும்புவோம். 1937ல் அவரை முன்சீப்பாக நியமித்தார் அன்றைய திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆமாம், நம் மெட்ராஸ் வக்கீல் சி.பி.தான். இந்த ஊரில் சி.பி. என்ற பெயரைச் சொன்னால் 1946 புன்னப்ரா வயலாரை ஞாபகம் வைத்துக்கொண்டு இன்றும் முகம் சுளிப்பார்கள். அது நியாயம். இந்த நியமனமும் அவர் கையெழுத்தில் நடந்ததுதான். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். 1948ல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரி 9ல் கேரள ஹைகோர்ட் நீதிபதி. அப்போது இங்கே ஈ.எம்.எஸ். அரசு, சட்ட அமைச்சர் வி.ஆர். கிருஷ்ணய்யர். இங்கிலாந்தில் ஒரு பெண் ஹைகோர்ட் நீதிபதி ஆனது 1965ல்தான், எலிசபெத் லேன். நமக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஊருக்கு ஆறு வருஷம் முன்னால் எர்ணாகுளம்!

அதே கிருஷ்ணய்யர் பிறகு சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்தபோது, 1979ல் சி.பி. முத்தம்மா வழக்கு அவர் முன் வந்தது. வெளியுறவுப் பணிக்குப் போன முதல் பெண் முத்தம்மா. அந்தப் பணியில் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், கல்யாணமான பெண்ணுக்கு நியமன உரிமை கிடையாது என்றெல்லாம் விதி இருந்தது. கல்யாணத்தால் ஒரு பெண்ணின் வேலை கெடும் என்றால் ஆணின் வேலையும் கெட வேண்டுமே என்கிற அர்த்தத்தில் விளாசினார். 1929ல் ஒரு இளம் பெண் மேடையில் நின்று பேசியது, 50 வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் வந்து சேர்ந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1967 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பிறகு சட்ட கமிஷனில் இருந்தார். 1973ல் ஆத்மகதா என்று சுயசரிதை எழுதினார். 1996ல், 91 வயதில் காலமானார்.

எல்லாமே அவர் காலத்தில் கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. அவர் பிறந்த சமூகத்துப் பெண்களின் சொத்துரிமையே உதாரணம். 1916ம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒரு பங்கு அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது! எது குறைவோ அது என்ற வார்த்தையை நாங்கள் வங்கியில் தினமும் எழுதுகிறோம், ஆனால் ஒரு பெண்ணின் பங்கை அப்படி எழுதி வைத்திருந்ததைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்தான். அதனால் இந்தச் சட்டம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று 1970களில் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் மாறி மாறி இரண்டு தீர்ப்புகள் வந்தன. நாகர்கோவில்காரர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் உங்கள் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்.

முடிவு கட்டியது கோட்டயத்து மேரி ராய் போட்ட வழக்கு (எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா, 2022ல் காலமானார்). அவருக்காக வாதாடியவர் இந்திரா ஜெய்சிங். 1986 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், 1951லிருந்தே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று சொல்லிவிட்டது. பழைய பாகப்பிரிவினை எல்லாம் ஆட்டம் காணும் என்று பெரிய கூச்சல் எழுந்தது. ஆனாலும் தீர்ப்பு நின்றது.

இந்தக் கதையை நான் ஹாலில் சொல்லி முடித்தபோது பெரியவர், "அது அவங்க மதத்து சமாச்சாரம்" என்றார். அதுவரை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். அவர் அப்பா இறந்தபோது தம்பிகள் மூன்று பேரும் வந்து கூட்டிப்போய் ரிஜிஸ்தர் ஆபீஸில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பட்டுப் புடவையும் சாப்பாடும். அந்தப் புடவை இன்னும் பெட்டியில் இருக்கிறது.

"எனக்கு பங்கு இல்லன்னுதான் சொன்னாங்க. இல்லன்னா எதுக்குடா என் கையெழுத்து?" என்றார்.

அதுதான் கேள்வி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுக்க 2005லும் மகளுக்குப் பங்கு வந்தது. பங்கு இல்லாதவரிடம் யாரும் கையெழுத்து கேட்பதில்லை. வீட்டுக் கடனுக்காக வருகிற பத்திரங்களில் இந்த மாதிரி அக்கா தங்கைகளின் கையெழுத்துகளையும் கைநாட்டுகளையும் எத்தனையோ பார்த்துவிட்டேன். டைட்டில் சுத்தமாக இருக்கிறது என்று வக்கீல் எழுதுவார், நாங்கள் கடன் கொடுப்போம். அது சட்டப்படி சரி. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு யாராவது படித்துக் காட்டினார்களா என்று எந்தப் பத்திரத்திலும் தெரியாது.

அத்தை பேத்தியைப் பார்த்துச் சொன்னார்: "நீ வக்கீலுக்குப் படி. படிச்சிட்டு வந்து மொதல்ல என் பத்திரத்தப் படிச்சுச் சொல்லு, நான் எதுல கையெழுத்து போட்டேன்னு."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையெழுத்துக்குத் தம்பிகளோடு சாட்சியாகப் போனவர்களில் அவரும் உண்டு என்று ரங்கமணி பிறகு சொன்னார். அவர் மனசு மாறிவிட்டது என்றெல்லாம் எழுதினால் அது சினிமா. மறுநாள் காலையிலும் "எதுக்கும் பி.காம். அப்ளிகேஷனும் போட்டு வை" என்றுதான் சொன்னார். போட்டு வைக்கிறோம், தப்பில்லை.

கடைசியாக ஒரு அப்பாவின் கதை. பத்தனம்திட்டையில் அன்னவீட்டில் மீரா சாகிப் என்று ஒருவர். மகள் கெமிஸ்ட்ரி படித்து முடித்ததும், மேலே அதையே படிக்க வேண்டாம், சட்டம் படி என்று திருவனந்தபுரம் லா காலேஜுக்கு அனுப்பினார். அன்னா சாண்டி என்று ஒரு பெண் நீதிபதியாக இருக்கிறாரே, நம் பெண்ணும் ஆகட்டுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மகள்தான் ஃபாத்திமா பீவி. 1950ல் வக்கீலாகப் பதிந்து, 1989 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி ஆனார். நமக்கு அவரை கவர்னராகத் தெரியும், 1997லிருந்து 2001 வரை. அந்த 2001 விவகாரம் தனிக் கச்சேரி, இங்கே வேண்டாம். 2023ல், 96 வயதில் காலமானார். அன்னா சாண்டி விட்டுப்போனது என்ன என்று யாராவது கேட்டால், நான் தீர்ப்புகளைத் தேட மாட்டேன். எங்கோ ஒரு ஊரில் ஒரு அப்பா, தன் பெண்ணை நினைக்கும்போது இந்தப் பெயரும் கூடவே ஞாபகம் வந்ததே, அதைத்தான் சொல்வேன்.

லா பற்றி யோசிக்கிற, வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகளுக்காக இரண்டு வரி. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஐந்து வருஷப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறார்கள். கேரளத்தில் தனி நுழைவுத் தேர்வு. தேசிய சட்டப் பல்கலைகளுக்கு கிளாட். தேதிகளை அந்தந்த இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்றுக்கும் விண்ணப்பம் தயாராகிறது. ஃபீஸ் கணக்கை ரங்கமணி ஒரு பழைய டைரியில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுத ஆரம்பித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம் :-)

அடுத்த பதிவு ஆற்றுக்கால் பொங்காலை பற்றி. தம்பானூர் ரோடு முழுக்க அடுப்பு மூட்டுவார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பட்டிமன்றங்களையும் சொல்லுங்கள்.